ஆவிக்குரிய ஞானத்தை யாரிடம் கேட்பது, எப்படிப் பகிர்வது? நெல்லைச் சீமையிலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: நெல்லைக் கிராமம் ஒன்று. ஆராதனை முடிந்து சனங்கள் கோவிலிலிருந்து வெளியே வருகிறார்கள்.]

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நம்ம ஊர்ப் பக்கம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வாசலில் வந்து நிற்பார். "நல்ல செய்தி ஐயா" என்று கைகொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். பிரசங்கத்தில் புரியாமல் போனது, மனதைக் குடைந்தது எல்லாம் நம்மோடு வீட்டுக்கே வந்துவிடும். "இத்தனை வருஷமா கோவிலுக்கு வாரான், இதுகூடத் தெரியலையா" என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டான் என்று பேசுவார்களோ என்ற பயமும் உண்டு.

ஆவிக்குரிய ஞானத்தை எப்படிக் கேட்பது, கிடைத்ததை அடுத்தவரோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று இன்றைக்குப் பார்க்கப்போகிறோம். என் மனதில் இருப்பது ஒன்றுதான்: கேட்கத் தெரிந்தவருக்குத்தான் சொல்லவும் தெரியும்.

[திரையில் வசனம்: யாக்கோபு 1:5]

"உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால், யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன், அப்பொழுது அவனுக்குக் கொடுக்கப்படும்."

கேட்டதற்காக ஆண்டவர் யாரையும் திட்டுவதில்லை என்று யாக்கோபு முதலிலேயே சொல்லிவிடுகிறார். அப்படியிருக்க, சபையில் ஒரு வாலிபன் கேள்வி கேட்டால் நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

தேவனிடம் கேட்கிற ஞானம் பல சமயம் மனிதர்கள் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோ வருகிறார். அலெக்சந்திரியாவில் பிறந்தவர், பேச்சில் வல்லவர், வேதாகமங்களில் தேறினவர். ஆனாலும் அவருக்குத் தெரிந்தது யோவான் கொடுத்த ஸ்நானம் மட்டும்தான். எபேசு ஜெப ஆலயத்தில் அவர் பேசியதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டார்கள். கூடாரம் கட்டிப் பிழைத்த தம்பதி. பேச்சின் நடுவே எழுந்து அவரை மடக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விவரித்தார்கள். அவ்வளவு படித்தவரும் கூடாரத் தொழிலாளிகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். இந்த இடத்தில் எனக்கு அப்பொல்லோமேல் பெரிய மரியாதை.

[காட்சி: பாளையங்கோட்டை, குளோரிந்தா கட்டிய பழைய ஆலயம்.]

நம் மண்ணிலும் விசுவாசம் இப்படித்தான் வேர்பிடித்தது. 1778ல் ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை குளோரிந்தா பாளையங்கோட்டையில் ஒரு ஆலயம் கட்டினார். 1785ல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1780ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40. இந்தச் சின்னச் சபைக்குப் போதிக்கத் தஞ்சாவூரிலிருந்து வந்தவர் சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியார். 1790ல் அவர் குருப்பட்டம் பெற்றார். மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820ல் நெல்லைக்கு வருவதற்கு முன்பே, ஒரு தமிழர் இங்கே தமிழர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஊர் ஊராக உபதேசியார்கள் வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத சனங்களோடு உட்கார்ந்து, கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் வரிவரியாகச் சொல்லி மனப்பாடம் ஆக்கினார்கள். அவர்களில் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. நாம் இன்றைக்கு வேதம் வாசிப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்து, நான் நெடுநேரம் பேச ஆசைப்படுகிற மனிதர்: வெள்ளாளன்விளையில் 1874ல் ஒரு ஐயர் வீட்டில் பிறந்த வே. ச. அசரியா.

1902ல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்களே தங்கள் காணிக்கையில் ஊழியரை வெளியே அனுப்புவதைக் கண்டார். இத்தனை சபைகள் உள்ள நெல்லை ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த வருஷமே, 1903ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பிறகு அவரே தெலுங்கு படித்துக்கொண்டு தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போனார். 1912ல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

தோர்ணக்கல்லில் ஞானஸ்நானம் பெறுகிறவர்களை அவர் ஒன்று செய்யச் சொல்வார். தங்கள் தலைமேல் தாங்களே கையை வைத்து, பவுல் சொன்ன வார்த்தையைச் சொல்ல வேண்டும்: "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ." அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஏழைக் கூலிக்காரர்கள். பெற்றுக்கொண்ட அன்றைக்கே, கொடுக்கிற பொறுப்பும் அவர்கள் தலைமேல் வந்துவிட்டது.

அதற்கு முன், 1910ல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். மிஷனெரிகள் செய்த தியாகத்துக்கு நன்றி சொன்னார். பிறகு, நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். போதிக்கிறவர் மேலேயும் கேட்கிறவர் கீழேயும் இருக்கிற உறவு அவருக்குப் போதவில்லை. நம் சபைகளில் மூத்தவர்கள் வாலிபருக்குப் புத்தி சொல்லும்போது இதை நினைத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

[திரையில் வசனம்: யாக்கோபு 3:17]

நாம் சொல்வது பரத்திலிருந்து வந்த ஞானமா, நம் சொந்தச் சாமர்த்தியமா? அதற்கும் யாக்கோபே அளவுகோல் தருகிறார்: சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம், நற்கனிகள். பட்சபாதம் இருக்கக் கூடாது, மாயம் இருக்கக் கூடாது. நம் ஊர்களில் பட்சபாதம் எங்கே ஒளிந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சொந்தக்காரன் தப்பு செய்தால் ஒரு வசனம், மற்றவன் செய்தால் வேறு வசனம் என்று எடுத்து வைத்தால், வசனம் சரியாக இருந்தாலும் அதை எடுத்த கை சரியில்லை.

துக்க வீட்டில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தரையில் கிடக்கிறாள். போனவர்கள் செருப்பைக் கழற்றுமுன்னே "எல்லாம் தேவ சித்தம், அழாதம்மா" என்கிறார்கள். வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாயைத் திறந்து விளக்கம் சொல்லப்போய்த்தான் கடைசியில் ஆண்டவருடைய கோபத்துக்கு ஆளானார்கள். அந்தத் தாயின் பக்கத்தில் உட்காருங்கள். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். வசனத்தை அவளாகக் கேட்கும்போது சொல்லலாம்.

ஜெபக்குறிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். மகன் குடிக்கிறான் என்று ஒரு அம்மா ஜெபக்குழுவில் கண்ணீரோடு சொல்லுவாள். "அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்ற பேரில் அது ராத்திரிக்குள் தெரு முழுக்கப் போய்விடும். அடுத்த வாரம் அவள் வாய் திறக்க மாட்டாள். ஞானம் தேடி வந்த ஒருத்தியின் வாயை நாமே பூட்டிவிடுகிறோம்.

[காட்சி: வீட்டுக் கூடம். குடும்ப ஜெபம். பாயில் விரித்த வேதாகமம்.]

வீட்டில் பிள்ளைகள் கேட்பார்கள். "ஆச்சி, யோபு உத்தமன்னு ஆண்டவரே சொல்லுதாரு. பெறகு எதுக்கு அவருக்கு இவ்வளவு கஷ்டம்?" "அதெல்லாம் கேக்கப்பிடாது" என்று வாயை அடைத்தால், அந்தப் பிள்ளை பதிலை வேறு எங்கேயாவது தேடும். "எனக்கும் முழுசாத் தெரியாதுட்டி. தெனம் ஒரு அதிகாரமா ரெண்டு பேரும் வாசிப்போம்" என்று ஆச்சி சொன்னால், 42 அதிகாரம், ஒன்றரை மாதம் அவர்கள் ஒன்றாக உட்காருவார்கள். அதில் ஆச்சிக்கும் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு தினந்தோறும் ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களைப் பாராட்டுகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற தீர்க்கதரிசனத்தையும், நான் இப்போது சொன்னதையும் அப்படியே ஒத்துப்பாருங்கள்.

உங்களுக்குள் ஒரு கேள்வி இருந்தால், வசன எண்ணோடு ஒரு தாளில் எழுதுங்கள். வார நாளில் ஒரு சாயங்காலம் குருமனைக்குப் போங்கள். ஐயர் ஊரில் இல்லையென்றால் சபை ஊழியரிடமோ, நீங்கள் மதிக்கிற ஒரு மூத்த விசுவாசியிடமோ கேளுங்கள். முதல் தடவை புரியவில்லையா, அடுத்த வாரமும் போங்கள்.