அஞ்சு மணி வகுப்பும் ஆன்லைன் மொய்யும்

வணக்கம் மக்களே. புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது பிள்ளையார் கோயில் மண்டபம். அதற்கும் பின்னால் தென்னந்தோப்பு. 2018 கஜா புயலுக்கு முன்னால் வந்திருந்தால் அந்தத் தோப்புக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வானமே தெரியாது. சரி, அது இன்றைய பேச்சு இல்லை.

போன வீடியோவுக்கு அப்புறம் நிறையப் பேர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தீர்கள். செல்போன் வந்து பிள்ளைகள் படிப்பு கெட்டுப்போனதா, தேறியதா? இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடியாது. போன் யார் கையில் இருக்கிறது, எந்த நேரத்தில் இருக்கிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் இதற்கு முப்பது வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அது செல்போனில் தொடங்கவில்லை, சைக்கிளில் தொடங்கியது.

1991இல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இயக்கம். ராத்திரி வேலை முடிந்து வந்தபின் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள். ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் போய் வீதி நாடகம் போட்டன, பாட்டுப் பாடின. "படிக்க வாங்க" என்று நோட்டீஸ் ஒட்டினால் படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன பயன்? அதனால் பறையும் பாட்டும்தான் அழைப்பிதழ். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் இதோடு சேர்த்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல்லாயிரக்கணக்கானவர்கள் ஓட்டப் பழகினார்கள். நிறையப் பெண்கள் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். பார் மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா! சைக்கிள் செய்த கம்பெனிக்காரன் யோசித்தே இருக்க மாட்டான்.

கருவி என்பது வெளியிலிருந்து வரும். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஊர் முடிவு செய்யும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஊர் எப்போதும் நல்லபடியாகவே முடிவு செய்யும் என்று சொல்லவில்லை, அதையும் கொஞ்சம் தள்ளிப் பேசுகிறேன்.

அப்புறம் 2011இல் அரசு லேப்டாப் வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. அதில் படித்தார்களா என்றால் படித்தவர்களும் உண்டு. படம் ஏற்றிக் கொடுத்தவர்கள், கல்யாண ஆல்பம் பார்த்தவர்கள் அதிகம். குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் ஒரு கணினி பயமில்லாமல் நுழைந்தது, அதுவே பெரிய காரியம். அதன் பலன் வேறோர் இடத்தில் வந்தது, சொல்கிறேன்.

2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி. அரசு கேபிளில் 200ஆம் எண். ஏழு மாதம்கூட ஆகவில்லை, கொரோனா வந்து பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு மறுபடி பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1இல். நடுவில் பத்தொன்பது மாதம். அந்தக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சி இல்லாதிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் நடந்தது என்ன? ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஓடும்போது டிவி முன்னால் இருப்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மூன்றாம் வகுப்புப் பாடம் வரும்போது கரண்ட் போயிருக்கும். கரண்ட் இருந்தாலும், "புரியலை டீச்சர்" என்று டிவியிடம் சொல்ல முடியுமா?

ஆன்லைன் வகுப்பு நிலவரம் இதைவிட மோசம். வீட்டுக்கு ஒரு போன். அது அப்பா சட்டைப் பையில் காலையிலேயே வேலைக்குப் போய்விடும். திரும்பி வரும்போது ராத்திரி எட்டு. வகுப்பு காலை பத்து மணிக்கு. எந்த ஆப் வந்து என்ன செய்ய? "டிஜிட்டல் இடைவெளி" என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, எங்கள் தெருவில் அது அப்பாவின் சட்டைப் பை.

அப்போதுதான் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் தொடங்கிவைத்தார்கள். மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்பு. தெருவிலேயே இருக்கும் ஒருவர்தான் தன்னார்வலர். தொடக்க வகுப்புக்குப் பன்னிரண்டாவது முடித்திருந்தால் போதும், ஆறு முதல் எட்டு வரைக்கும் பட்டப்படிப்பு வேண்டும். ஒரு மையத்துக்கு 20 பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இணையத்தில் பெயர் பதிய வேண்டும், போனில் ஆப் மூலம் வருகை போட வேண்டும். மாநிலம் முழுக்கச் சுமார் இரண்டு லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

பதிவு இணையத்தில் நடந்தது, பிரச்சாரம் மட்டும் பழைய வழியில் நடந்தது. மறுபடி கலைக்குழு, பறை, வீதி நாடகம். முப்பது வருடம் கழித்தும் ஊரைக் கூட்ட அதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

என் சித்தி மகள் ஒரு மையம் நடத்தினாள். படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள், வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வகுப்பை இந்த மண்டபத்தில்தான் பார்த்தேன். அஞ்சு மணிக்கு முன்பே கிளம்பி வீட்டுக்கு வீடு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "டேய், மூஞ்சி கழுவிட்டு வா." இதுதான் வருகைப் பதிவின் பாதி வேலை. மீதிப் பாதிக்கு ஆப். மண்டபத்துக்குள் சிக்னல் வராது. பிள்ளைகளைக் குச்சி அடுக்கிக் கூட்டல் போடச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு மாடிப்படி ஏறி வருகையை ஏற்றிவிட்டு இறங்குவாள். அந்த வீட்டு ஆயா, "இன்னைக்கு எத்தனை பேரு?" என்று தினமும் விசாரிக்கும். சென்னையில் சர்வருக்குப் போகும் முன்னால் கணக்கு ஆயாவுக்குப் போய்விடும். யாராவது வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்பது ஆயாவிடம் இருக்கும். சர்வரில் அது இருக்காது.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியிருந்தபோது இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. அப்படி மீண்டதில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கியவர்கள் செய்த வேலை இது. அந்தத் தொகையைச் சம்பளம் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2022 ஜூன் 1 முதல் 12 வரை வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். கூகுளின் ரீட் அலாங் ஆப். பிள்ளை போனைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கும், ஆப் கேட்டுக்கொண்டே வரும். சரியாக வாசித்த சொல்லுக்கு நிறம் மாறும், தியா என்ற பொம்மைப் பெண் பாராட்டும். கதையை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் இணையம் வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் ஜூன் முதல் பாதி என்றால் வைகாசி. இங்கே ஊருக்கு ஊர் அம்மன் திருவிழா. காப்புக் கட்டிய நாளிலிருந்து புளியமரத்தில் குழாய் ரேடியோ காலை ஐந்து மணிக்குத் தொடங்கிவிடும். பாவம் தியா, பிள்ளை சொல்வதைக் கேட்பாளா, எல்.ஆர்.ஈஸ்வரி அம்மாவைக் கேட்பாளா? ஒரு பையன் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, "அக்கா, இதுக்குக் காது கேக்கல" என்று போனை நீட்டினான். கடைசியில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் போருக்கு மறைவில் உட்கார வைத்தார்கள். வைக்கோல் சத்தத்தை நன்றாக வாங்கிக்கொள்கிறது. எல்லாருக்கும் முறை வரவேண்டும் என்று ஒரு பாட்டு நேரத்துக்கு ஒருவர் என வைத்துக்கொண்டார்கள். ரேடியோவில் பாட்டு முடிந்தால் அடுத்த பிள்ளை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இனி நான் தள்ளிவைத்த விஷயம். எந்தத் தெருவில் மையம் வைப்பது என்பது சின்ன முடிவு இல்லை. கோயில் மண்டபத்தில் வைத்தால் எந்தப் பிள்ளைகள் வரும், எந்தப் பிள்ளைகள் வராது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காலனிப் பிள்ளைகளுக்குக் காலனியிலேயே ஒரு மையம் என்றால் வசதிதான். ஆனால் பகலில் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த பிள்ளைகள் மாலையில் பிரிந்து உட்கார்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களும் அப்படித்தான். ஊர்க்குழு என்று பெயர் இருக்கும், உள்ளே பார்த்தால் ஒரு தெரு ஆட்கள் மட்டும் இருப்பார்கள். சாதிப் பெருமை பேசும் ரீல்ஸ் அங்கேதான் சுற்றுகிறது, பத்தாம் வகுப்புப் பையன்கள் அதைத்தான் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். தெருவில் எது இருந்ததோ அதுதான் போனுக்குள்ளும் போயிருக்கிறது, இப்போது வேகமாக.

சரி, மொய்க்கு வருவோம். தலைப்பில் போட்டுவிட்டு சொல்லாமல் போனால் திட்டுவீர்கள்.

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அந்தப்பக்கம் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம், விருந்துக்கென்றே விருந்து. பலர் சேர்ந்து பந்தல் போட்டு கறிச்சோறு போடுவார்கள். வருகிறவர்கள் மொய் செய்வார்கள். வாங்கியவர் அடுத்தடுத்த வருடங்களில் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன் மாதிரித்தான், பத்திரம் கிடையாது, நோட்டுதான் சாட்சி. முன்பெல்லாம் கையெழுத்து நன்றாக இருக்கும் வாத்தியாரையோ கணக்குப்பிள்ளையையோ மொய் எழுத உட்கார வைப்பார்கள். இப்போது லேப்டாப், பிரிண்டர், பணம் எண்ணும் மெஷின். சிங்கப்பூரில் இருப்பவர் கியூஆர் கோடுக்கு அனுப்பிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் போடுகிறார், மைக்கில் பெயர் வாசித்துவிடுகிறார்கள். மைக்கில் பெயர் வராவிட்டால் அவருக்கு மனசு ஆறாது, பணம் போய்ச் சேர்ந்ததை விட அது முக்கியம்.

நான் பார்த்த ஒரு விருந்தில் லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தது ஓர் இளம்பெண். பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பில்தான் தமிழ் தட்டச்சு பழகினாளாம். அவளிடம் ஒரு அப்பத்தா ரசீது வாங்கிக்கொண்டு, அங்கேயே கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தது. அறிவொளியில் கற்ற எழுத்து. "ஏத்தா, கருப்பையான்னு போட்டிருக்க, எந்தக் கருப்பையா?" நியாயமான கேள்வி. ஊரில் எத்தனையோ கருப்பையா. மென்பொருள் இனிஷியல் கேட்கிறது, இனிஷியலும் ஒன்றாக இருக்கிறது. ஊர் அடையாளம் சொல்வது கிணத்தடி வீடு, பனையடி வீடு என்றுதான். அந்தப் பெண் தொலைபேசி எண் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் "வீட்டுப் பெயர்" என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தாள். அப்பத்தாவுக்கு மறுபடி ரசீது அடித்துக் கொடுத்தாள். வரிசை அதுவரை நின்றது, யாரும் முணுமுணுக்கவில்லை. கணக்கு தப்பினால் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இல்லம் தேடிக் கல்வி மையங்கள் இப்போது முன்பு இருந்த அளவுக்கு இல்லை. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தார்கள், பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை வருகிறது. வரட்டும், நல்லதுதான். சாயங்காலம் வாசலில் நின்று கூப்பிட்ட ஆளுக்கு அது ஈடாகாது என்பது என் கட்சி.

மையம் நடத்திய என் சித்தி மகள் கல்யாணமாகி அறந்தாங்கி போய்விட்டாள். ஆனால் அவள் மையத்துக்கு வைத்திருந்த பெற்றோர் வாட்ஸ்அப் குழுவை யாரும் கலைக்கவில்லை. தண்ணீர் எப்போது திறப்பார்கள், மாட்டுக்கு ஊசி போட டாக்டர் எப்போது வருவார் என்பதெல்லாம் அதில்தான் ஓடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்எம்எம்எஸ் தேர்வு இருக்கிறதல்லவா, தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. அதற்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியை அறந்தாங்கியிலிருந்து அவள்தான் போட்டாள், கூடவே ஒவ்வொரு அம்மாவுக்கும் தனித்தனியாகப் போன் வேறு. வைக்கோல் போருக்குப் பின்னால் வாசித்த பிள்ளைகளில் சிலர் இந்த முறை எழுதுகிறார்கள்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு மையக் குழு இன்னும் ஓடுகிறதா, இப்போது அதில் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லுங்கள். தன்னார்வலராக இருந்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது, ஆடியில் மொய் விருந்து வீடியோ எடுக்க வரும்போது நேரிலேயே வந்து பேசுகிறேன்.