அரிவாளும் மேய்ச்சலும் காக்கும் புல்வெளி

அவையோர்க்கு என் வணக்கம்.

அரிய செடி ஒன்றைக் காக்க வேண்டும் என்றால் வேலி போட்டு, ஆடுமாடுகளை விரட்டி, நிலத்தை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு, இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் கிரிக்லேடு என்னும் சிறு நகரை ஒட்டி, தேம்ஸ், சர்ன் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் ‘நார்த் மெடோ’ என்ற புல்வெளியே சான்று. சுமார் 110 ஏக்கர்தான். ஆயினும், பிரிட்டனில் காட்டுச்செடியாக எஞ்சியிருக்கும் பாம்புத்தலைப் பூவின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் இறுதியில் அது பூக்கும். முழங்கால் உயரம்கூட இல்லாத மெல்லிய தண்டின் நுனியில் ஒற்றைப் பூ தலைகவிழ்ந்து தொங்கும். இதழ்களில் கருஞ்சிவப்பும் வெளிர் ஊதாவும் சதுரங்கக் கட்டம்போல் மாறிமாறி ஓடும். கினிக்கோழியின் புள்ளி இறகை நினைத்துத்தான் அறிவியல் பெயரில் ‘மெலியாகிரிஸ்’ என்ற சொல்லை வைத்தார்கள். கருவுற்றதும், அதுவரை வளைந்திருந்த தண்டு நிமிர்ந்துகொள்ள, காய் வானம் பார்த்து முற்றும். இத்தனை நுட்பமான செடி, விதையிலிருந்து பூக்கும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

விதை உதிர்ந்த பிறகு, ஜூலையில் புல்லை அறுத்து உலர்த்தி எடுத்துச் செல்வார்கள். ஆகஸ்டு 12 முதல் பிப்ரவரி 12 வரை ஊராரின் கால்நடைகள் பொது உரிமையில் மேயும். ‘கோர்ட் லீட்’ என்ற பழைய ஊர்மன்றம் இன்றும் அந்த உரிமையை நடத்திவருகிறது. குளிர்கால வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து மண்ணுக்கு உரமூட்டுகிறது. அறுத்த புல்லோடு அந்த உரத்தின் ஒரு பங்கு வெளியேறுகிறது. வெளியேறாமல் தங்கினால் கோரையும் முரட்டுப் புல்லும் மண்டி, மண்ணுக்கடியில் உள்ள சிறு கிழங்கிலிருந்து வசந்தத்தில் முளைக்கும் செடிக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிடும். மனிதரின் அறுவடை அங்கே பூவுக்குப் பகையன்று, பூவின் உயிர்நாடி என்றே நான் சொல்வேன்.

2012இல் கோடையிலும் தண்ணீர் வடியவில்லை. ஈர நிலத்தில் வழக்கம்போல் புல் அறுக்க இயலவில்லை. அடுத்த வசந்தத்தில் பூக்கள் வெகுவாகக் குறைந்தன. அந்தக் குறைவை நம்மால் அறிய முடிவதற்குக் காரணம், ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் ஒரு மீட்டர் சதுரச் சட்டகத்தைப் புல்லில் வைத்து, குனிந்து, அதற்குள் நிற்கும் செடிகளை எண்ணி எழுதிவருவதுதான்.