தம்பி, அந்த ஃபேனைக் குறைங்க

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிப் பணியாளர்களுக்கு நடத்தும் மரியாதைப் பயிற்சியைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மரியாதைக்கு ஒரு பயிற்சியா, அது வீட்டிலேயே வந்திருக்க வேண்டாமா என்று உங்களில் சிலர் இந்நேரம் ரேடியோவைப் பார்த்துக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். அப்புறம் கல்லூரி அலுவலகத்தில் 26 வருடம் வேலை பார்த்தேன். கேட்பதை நிறுத்திவிட்டேன்.

முதன்முதலில் நான் பயிற்சி நடத்திய நாளைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். கூடத்தில் 60 பேர். பேராசிரியர்கள் முன்வரிசையில், அலுவலகத்துக்காரர்கள் நடுவில், நூலகத்துக்காரர்களும் ஆய்வக உதவியாளர்களும் பின்னால். அப்படி உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அதுவாகவே அமைந்துவிட்டது. 'பணியிடத்தில் மரியாதை' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் பேச ஆரம்பித்தேன். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது. கதவோரம், சுவிட்சு போர்டு பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். காலையிலேயே வந்து அத்தனை நாற்காலியையும் போட்டவர் அவர். தரையில் போன மைக் வயர் யார் காலையும் தடுக்கிவிடக் கூடாது என்று மண்டியிட்டுக் கறுப்பு டேப் ஒட்டினார், அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேச்சை நிறுத்தாமலே அவர் பக்கம் கையைக் காட்டி, "தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்றேன். குறைத்தார். நான் மரியாதையைப் பற்றித் தொடர்ந்து பேசினேன்.

மூன்று மணி நேரம் கழித்துக் கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. எல்லோரும் போட்டுவிட்டுப் போனார்கள். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மேடம், இதில் நானும் போடணுமா? முழுக்க நானும்தான் நின்னு கேட்டேன்." தாளைப் பார்த்தேன். 60 பெயர் அச்சடித்திருந்தது, அவர் பெயர் இல்லை. பெயரைக் கேட்டு 61 என்று எண் போட்டு எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்புறம் மேடம், நான் தம்பி இல்லை. வர்ற மே மாசம் எனக்கு ரிட்டயர்மெண்ட்."

எனக்கு அப்போது 41 வயது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அன்று நான் அவரைத் திட்டவில்லை, அதட்டவில்லை. 'ங்க' போட்டுத்தான் பேசினேன். யாராவது குற்றம் சொல்லியிருந்தால், "பிரியமாகத்தானே கூப்பிட்டேன்" என்று சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அதே பிரியத்தோடு முன்வரிசையில் இருந்த துறைத்தலைவரைத் 'தம்பி' என்றிருப்பேனா? அவர் என்னைவிடச் சின்னவர், நியாயமாகப் பார்த்தால் அவர்தான் தம்பி. எத்தனையோ அலுவலகங்களில் 'அண்ணா', 'அக்கா' என்று மனதாரக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பெயரே தெரியாமல், தெரிந்துகொள்ளவும் தோன்றாமல், உறவுப் பெயரைப் போட்டு வேலை வாங்குகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

'நீ' என்ற சொல்லும் அப்படித்தான். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேலதிகாரி எல்லோரையும் 'நீ' என்பார். கேட்டால், "உரிமையோடு சொல்கிறேன்" என்பார். உரிமை என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டுமே. அந்த இளநிலை உதவியாளர் ஒரே ஒரு நாள் அவரைப் பார்த்து, "நீ சொன்ன ஃபைல் இதுதானா?" என்று கேட்டுப் பார்க்கட்டும், உரிமை எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். திருப்பிச் சொல்ல முடியாத 'நீ' எனக்கு உரிமையாகப் படவில்லை. இன்னொன்று, ஆள் எதிரில் இருக்கும்போது "வாங்க சார், உட்காருங்க". அவர் வாசலைத் தாண்டியதும், "என்ன சொல்றான் அவன்?" கேட்டுக்கொண்டிருக்கும் பத்துப் பேருக்கும் அந்த நிமிடமே புரிந்துவிடும், நாம் வெளியே போனதும் நமக்கும் இதுதான் என்று. அப்புறம், ஒரே அழைப்பிதழில் முனைவர் பட்டம் வாங்கிய ஆணுக்கு 'முனைவர்' போட்டு, அதே பட்டம் வாங்கிய பெண்ணுக்குத் 'திருமதி' போடுகிறார்கள். நான் பிழைதிருத்தும்போது எத்தனை தடவை மாற்றியிருப்பேன், கணக்கே இல்லை.

சரி, 'நீ'யோடு நின்றுவிடக் கூடாது. வாயைத் திறக்காமலே அவமானப்படுத்த முடியும். கல்லூரிகளில் அதில் தேர்ந்தவர்கள் உண்டு.

காக்கைகள் ஒன்று சேர்ந்து பருந்தையோ ஆந்தையையோ துரத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள். பறவைகளின் அந்தக் கூட்டுத் தாக்குதலுக்கு விலங்கியலில் 'மாபிங்' என்று பெயர். ஜெர்மனியில் பிறந்து சுவீடனில் வேலை பார்த்த ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 1980-களில் அந்தச் சொல்லை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். வாரத்துக்கு ஒரு தடவையாவது, ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஒருவரைக் குறிவைத்து நோகடித்தால் அது மாபிங் என்றார். 1993-இல் சுவீடன் இதற்கென்று தனி விதியே போட்டது.

காக்கையாவது கத்தும். அலுவலகத்தில் சத்தமே வராது. நான் பார்த்த ஒரு எழுத்தருக்கு ஒரு திங்கட்கிழமையிலிருந்து மேஜைக்கு ஃபைல் வருவது நின்றுபோயிற்று. கூட்டம் உண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்பார்கள். அவர் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். மூன்றாவது வாரம் காலி மேஜையில் ஒரு பழைய ரிஜிஸ்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எழுதுவதற்கு ஒன்றுமில்லை, சும்மா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். புகாரில் என்னவென்று எழுதுவார், "என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை" என்றா?

ஆறு மாதம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., தன் நூற்றாண்டு வருடமான 2019-இல் 190-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றியது, 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது துன்புறுத்தலாக இருக்கலாம் என்று அதில் இருக்கிறது. யாருக்கெல்லாம் பொருந்தும் என்ற பட்டியல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: நிரந்தர ஊழியர் மட்டும் கிடையாது, பயிற்சியில் இருப்பவர், தன்னார்வலர், வேலை தேடுபவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கூட உண்டு. கல்லூரிக்குப் பொருத்திப் பாருங்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள், ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர்கள், நேர்காணலுக்கு வந்து வராந்தாவில் நான்கு மணி நேரம் காத்திருப்பவர்கள், அப்புறம் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரிலேயே இருக்கிறது, வேறெங்கே இருக்கிறது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். எந்த இடத்துக்கெல்லாம் பொருந்தும் என்பதும் இருக்கிறது. ஓய்வறை, கழிப்பறை, வேலைக்குப் போய்வரும் வழி, வேலை தொடர்பான செல்போன் தகவல்கள். ஆக, இரவு 11 மணிக்குத் துறை வாட்ஸப் குழுவில் ஒருவரைப் பெயர் சொல்லி விளாசுவதும் பணியிடத்தில் நடந்ததுதான். பயிற்சி வகுப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு அந்த மின்விசிறிதான் ஞாபகம் வந்தது.

இந்தப் பயிற்சியால் பலன் உண்டா? எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. ஃப்ராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்று இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பல வருடக் கணக்கை எடுத்துப் பார்த்து, 2019-இல் வெளியிட்டார்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றிய பயிற்சிகளை ஆராய்ந்தார்கள். எது எது குற்றம் என்று எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்த இடங்களில், மேலாளர் பதவியில் வெள்ளையினப் பெண்களின் எண்ணிக்கை பிற்பாடு குறைந்திருந்தது. மேலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் கண்ணில் பட்டால் எப்படித் தலையிடுவது என்று சொல்லிக்கொடுத்த இடங்களில் பெண் மேலாளர்கள் கூடியிருந்தார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. உன்னைக் குற்றவாளியாகப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தால் எவரும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவார். கைகொடுங்கள் என்று கேட்டால் காது கொடுப்பார்.

அதனால் இப்போது என் வகுப்பில் பாதி நேரம் இந்தத் தலையிடுவதற்குத்தான். எழுந்து நின்று நியாயம் கேட்கும் தைரியம் எல்லோருக்கும் வராது, வர வேண்டியதும் இல்லை. ஒருவர் ஒரு பெண் ஊழியரை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் உள்ளே போய், "மேடம், அந்தத் தேர்வுக் கட்டண ஃபைல் உடனே வேணும், கொஞ்சம் வர்றீங்களா?" என்று கேளுங்கள், அது போதும். பேச்சு அறுந்துவிடும். அப்படி ஒரு ஃபைலே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அன்று சாயங்காலம் அந்த ஊழியரிடம், "நானும் அங்கேதான் இருந்தேன், பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த எழுத்தரிடம் நான் அதைக்கூடச் சொல்லவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு மேஜைதான் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். புகார் எப்படிக் கொடுப்பது, எப்படி வாங்குவது என்று கடைசிக்கு வைத்திருந்தேன், அதுதான் பெரிய பகுதி. ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நடந்த அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே. "அவமானமாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள், பேசியதை எழுதுங்கள். இரண்டு, புகார் வாங்கும் நாற்காலியில் இருப்பவர்களே, "அவர் சுபாவமே அப்படித்தான், மனசுல ஒண்ணும் இருக்காது" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்து என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள் நடக்கும் என்று சொல்லி அனுப்புங்கள். மூன்றாவது, புகார் கொடுத்தவரை உடனே வேறு துறைக்கு மாற்றிவிடுகிறார்களே, அதைப் பற்றி...

ஒரு விரல்தான் இருக்கிறது. மூன்றாவதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.