குளம் உறையட்டும், மீன் பிழைச்சுக்கும்! சுத்தியலை மட்டும் கீழ வைங்க

[திரையில்: மேல்பரப்பு முழுக்க உறைஞ்ச தோட்டத்துக் குளம். ஒரு கை சுத்தியலை ஓங்குது. படம் அப்படியே நிக்குது.]

நிறுத்துங்க! அந்த ஒரு அடி, கீழ அசையாம கிடக்கிற மீனுக்கு எமனாயிடலாம். காரணத்தைச் சொல்றேன். அதுக்கு முன்னாடி, இலை உதிர ஆரம்பிச்சதும் செய்ய வேண்டியதை மளமளன்னு முடிச்சுடுவோம்.

குளத்து மேல வலையை இழுத்துக் கட்டுங்க, தண்ணியில படாம. அடிச்சேற்றை அள்ளுங்க, ஆனா வழிச்சு எடுக்காதீங்க. சில தவளைகள் அதுக்குள்ளதான் குளிர்காலத்தைக் கழிக்கும். குளிர் தாங்குற அல்லின்னா பழுத்த இலையை வெட்டிட்டு, தொட்டியை ஆழமான இடத்துக்கு இறக்கிடுங்க. வெப்பமண்டல அல்லி தாங்காது, வெளியே எடுத்து உறையாத இடத்துல வைங்க.

தீனி விஷயத்துல கையைக் கட்டிக்கணும். தண்ணி 15 டிகிரிக்குக் கீழ போனா, சீக்கிரம் செரிக்கிற கோதுமை முளைத் தீனி மட்டும், அதுவும் கொஞ்சமா. 10 டிகிரிக்குக் கீழ ஒண்ணுமே வேண்டாம். உடம்பு அவ்வளவு மெதுவா இயங்கும்போது தின்னது செரிக்காது. வெயில் அடிச்சா மேல வந்து பாவமா பார்க்கும். பார்க்கட்டும்!

[திரையில்: குளத்தின் குறுக்குவெட்டுப் படம். மேலே 0, அடியில் 4.]

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். தண்ணியும் குளிரக் குளிரச் சுருங்கி, கனத்து, கீழதான் இறங்கும். ஆனா 4 டிகிரி வரைக்கும்தான். அதுக்கும் கீழ குளிர்ந்தா விரிய ஆரம்பிச்சுடும். உறையும்போது பருமன் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடிடும். அதனாலதான் பனிக்கட்டி மிதக்குது. மேல அது போர்வையா கிடக்க, அடியில 4 டிகிரி தண்ணி தங்கிடுது. மீன் அங்கதான் படுத்திருக்கும். தண்ணி மட்டும் அடியிலிருந்து உறையுற ஜாதியா இருந்திருந்தா, மீன் வளர்ப்பைப் பத்தி வீடியோ போட ஆளே இருக்க மாட்டாங்க!

பலர் சறுக்குறதும் இங்கதான். மீன் மேல இருக்கிற பாசத்துல ஏர் ஸ்டோனை, அதாவது காத்துக் குமிழி விடுற கல்லை, அடியில போடுறாங்க. குமிழி மேலே ஏறும்போது அடித்தண்ணியையும் இழுத்துட்டு வந்து, குளம் முழுக்க ஒரே குளிராக்கிடும். மேலிருந்து சுமார் 30 செ.மீ. ஆழத்துல, ஓரமா தொங்க விடுங்க.

மீனைக் கொல்றது பெரும்பாலும் குளிர் இல்லை, வாயு. அடியில அழுகுற இலையிலிருந்து வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடும் கார்பன் டை ஆக்சைடும் பனிக்கட்டி மூடினா வெளியேற முடியாது. அதனால ஒரு துளை எப்பவும் திறந்தே இருக்கணும். சுத்தியலால போடக் கூடாது. தண்ணி அமுங்காது, அடிச்ச அதிர்வு நேரா மீனோட உடம்புக்குள்ள இருக்கிற காற்றுப்பையைப் போய்த் தாக்கும்.

[திரையில்: பனிக்கட்டி மேல ஆவி பறக்க ஒரு பாத்திரம்.]

கொதிக்கிற தண்ணியை ஒரு பாத்திரத்துல ஊத்தி, பனிக்கட்டி மேல வைங்க. வட்டமா உருகிடும். கைப்பிடியில கயிறு கட்டிக்கோங்க, இல்லேன்னா பாத்திரமும் அடியில போய் மீனோட குடியிருக்கும். தினமும் இதைச் செய்ய முடியாதவங்க மிதக்குற டீ-ஐசர், அதாவது பனிக்கட்டியை உருக்குற சின்ன ஹீட்டர், வாங்கிடுங்க. அது குளத்தையே சூடாக்காது, துளையை மட்டும்தான் காக்கும். பனி கொட்டிக் கிடந்தா, ஓரத்துல நின்னபடியே பெருக்கித் தள்ளுங்க. வெளிச்சம் தண்ணிக்குள்ள இறங்கினாத்தான் செடி ஆக்சிஜன் விடும்.

பம்ப்பை நிறுத்துறதா இருந்தா குழாயில சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது, உறைஞ்சு பிளந்துடும். தண்ணியைத் தெளிய வைக்கிற யுவி (புற ஊதா) விளக்கோட கண்ணாடிக் குழாயும் அப்படித்தான். ஆனா தண்ணிக்குள்ள இயங்குற பம்ப்பைக் காய விடாம, உறையாத இடத்துல ஒரு வாளித் தண்ணியில மூழ்க வைங்க. காய்ஞ்சா சீல் விறைச்சுடும்.

உங்க குளம் எவ்வளவு ஆழம்? கமெண்ட்ல போடுங்க. 75 செ.மீ.க்கு மேலன்னா மிதமான குளிருக்குப் போதும், கடுங்குளிர்னா 1 மீட்டருக்கு மேல வேணும். 40, 45ன்னு போடப் போறவங்க, அதுக்கு முன்னாடி மீனை உள்ள கொண்டு வர ஒரு பெரிய தொட்டி தேடுங்க.