உப்பில்லாத மண்

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வாசகர் வட்டச் செயலர் அவர்களே, வரவேற்புரையிலேயே பாதிக் கூட்டத்தை நடத்தி முடித்த நூலகர் அம்மா அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசை மாணவச் செல்வங்களே! யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்காவின் அணுகுண்டுச் சோதனையால் ஊரை இழந்த, பசிபிக் கடலின் மார்ஷல் தீவு மக்கள் வீடு திரும்புவதில் என்ன சிக்கல்? மண், நில உரிமை, இளைய தலைமுறை என்று மூன்று செய்தி சொல்கிறேன்.

1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள பிகினித் தீவில் தேவாலய வழிபாடு முடிந்ததும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி வயட் மக்களைக் கூட்டி, "மனிதகுல நன்மைக்காக ஊரைக் கொடுங்கள்" என்று கேட்டார். எல்லாம் இறைவன் கையில் என்றார் தலைவர் ஜூடா. இதோடு முடிந்ததா? மார்ச் 6-ஆம் தேதி அதே கேள்வி, அதே பதில், இம்முறை கேமராவுக்காக! சரியாக வரவில்லை, மறுபடி. இன்னும் சரியில்லை, மறுபடி. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் "தாலியை இன்னொரு தடவை கட்டுங்க" என்பார் இல்லையா, அந்த மாதிரி. இங்கே கட்டியது தாலி அல்ல, மூட்டை முடிச்சு. மறுநாளே 167 பேரும் கப்பலில்! ரோங்கெரிக் என்ற தீவில் பட்டினி; 1948-இல் கிலி என்ற தீவு. அங்கே காயலே இல்லை. காயல் மீனவனை அங்கே குடிவைத்தார்கள்.

சரி, மண். பவழ மணலில் பொட்டாசிய உப்பு மிகக் குறைவு. குண்டு விட்டுச்சென்ற கதிரியக்க நஞ்சான சீசியம்-137 வேருக்குப் பொட்டாசியம் போலவே தோன்றுவதால், பசித்த மரம் அதை இழுத்துத் தேங்காயில் சேர்க்கிறது. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பார்கள்; இங்கே உப்பில்லாத மண்ணே நஞ்சை வாங்கிக்கொள்கிறது. 1968-இல் "திரும்பிப் போகலாம்" என்று அறிவித்தார்கள், தென்னை நட்டார்கள், சில குடும்பங்கள் போயின. உடம்பில் சீசியம் ஏறியதால் 1978-இல் 139 பேரை மறுபடி வெளியேற்றினார்கள்.

மேல்மண்ணை 40 செ.மீ. சுரண்டலாம். ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்கிய சத்தும் அதோடு போய்விடும், மரமும் போகும். பொட்டாசியம் குளோரைடு உரம் இட்டால் காயில் சீசியம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிறது. உப்புதான் மருந்து! அதனால் குண்டின் சாம்பல் விழுந்த இன்னொரு தீவுக்கூட்டமான ரோங்கெலாப்பில் வீட்டைச் சுற்றி உடைத்த பவழக்கல்லும், தோட்டத்துக்கு உரமும் என்று செய்தார்கள். எங்கே இடித்தது? சீரமைத்தது குடியிருக்கும் தீவை மட்டும். தென்னை நண்டுக்கு அவர்கள் போவது வடக்குத் தீவுத்திட்டுகளுக்கு. அந்த நண்டு உரித்த ஓட்டைத் தானே தின்னும். அதனால் ஓட்டில் சேர்ந்த ஸ்ட்ரான்சியம் என்ற கதிரியக்க நஞ்சு நண்டின் உடம்பைவிட்டுப் போவதில்லை.

நில உரிமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயல் கரையிலிருந்து கடல் கரைவரை ஓடும் பட்டை நிலம் 'வேட்டோ'. தாய்வழியில் வருவது. ஒரே வேட்டோவில் இரோய்ஜ் என்ற பெருந்தலைவர், அலாப் என்ற குடித்தலைவர், உழைப்பவர் மூவருக்கும் உரிமை உண்டு. அடையாள மரத்தை புல்டோசர் தள்ளிவிட்டால் எல்லையை யார் காட்டுவது? கிலியில் பிறந்த பிள்ளையா?

இதையெல்லாம் நான் இழுப்பது ஒரு காரணத்துக்காக. 1954 மார்ச் 1-இல் 15 மெகாடன் குண்டின் சாம்பல் ரோங்கெலாப் மேல் விழுந்தது. வெளியேற்றப்பட்ட மக்களை 1957-இல் ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். 1978-இல் நடந்த கதிர்வீச்சு அளவீட்டை மார்ஷலிய மொழியிலும் விளக்கிய புத்தகம் வந்தது 1982-இல்! தங்கள் தீவுக்கூட்டத்தின் வடபகுதிக்கு, பிகினிக்குக் கொடுத்த அதே கதிர்வீச்சு எண்ணைக் கொடுத்திருப்பதை ரோங்கெலாப் மக்கள் அதில் கண்டார்கள். 1985-இல் முந்நூறுக்கு மேற்பட்டோர் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் கப்பலில் ஏறி மெஜாட்டோ என்ற தீவுக்குப் போய்விட்டார்கள். ஊராருக்குப் புரியாத மொழியில் எழுதிய அறிக்கை எது தெரியுமா? உப்பில்லாப் பண்டம்!

இளைய தலைமுறை பாக்கி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மண்ணையோ நீரையோ சோதிப்பவர் முடிவை அந்த ஊர் மொழியிலேயே ஊராரிடம் தர வேண்டும் என்ற தீர்மானம் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். பேனாவை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.