புண்ணாக்குல அஃப்ளடாக்சின் இருக்கான்னு பார்க்கணுமா? மூட்டைல இருந்து ஆரம்பிங்க

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கம் மாடு வெச்சிருக்கவங்க, தீவனக் கடை நடத்துறவங்க, இதைக் கொஞ்சம் பொறுமையா பாருங்க. ஐப்பசி, கார்த்திகை மழைல கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் சீக்கிரம் பூஞ்சை பூத்துடும். அதுல வர்ற அஃப்ளடாக்சின் பி1-ங்கற பூஞ்சை நஞ்சு, மாட்டு வயித்துக்குள்ள போனா அஃப்ளடாக்சின் எம்1-ங்கற நஞ்சா மாறி பால்ல வருது. பாலைக் காய்ச்சினாலும் போகாது. மாட்டுத் தீவனத்துக்கான ஐஎஸ் 2052-ங்கற இந்தியத் தரத்துல பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது.

லேப் ரிப்போர்ட் தப்பா வந்தா எல்லாரும் மெஷினைச் சந்தேகப்படறாங்க. பெரும்பாலும் தப்பு நடக்கறது சாம்பிள் எடுக்கறப்பதான். நஞ்சு எல்லா மணிலயும் சமமா இருக்காது. மூட்டைல அங்கங்க கொஞ்சம் மணி மட்டும் கெட்டிருக்கும், அதுவே மொத்தத்தையும் வரம்பு தாண்ட வெச்சிடும். மேலாக்க ஒரு கை அள்ளிட்டுப் போனா அது மாட்டவே மாட்டாது.

அதனால குத்தூசியை மேல, நடுவுல, அடியிலன்னு விட்டு, பல மூட்டைல இருந்து எடுத்து, மொத்தம் அஞ்சு கிலோவாவது சேருங்க. செவுத்தோரம் ஓதம் அடிச்ச மூட்டை இருந்தா அதைத் தனி சாம்பிளா கட்டுங்க. பிளாஸ்டிக் கவர் வேணாம், உள்ள வேர்த்துப் போய் வழியிலேயே பூஞ்சை ஏறும். பேப்பர் பையோ துணிப் பையோ போதும்.

இதுல முக்கியமானது: அஞ்சு கிலோவையும் முழுசா நைசா அரைச்சுட்டு, அப்புறம்தான் அளவைக் குறைக்கணும். மாவைக் குவிச்சு நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கை ஒதுக்கி, மிச்சத்தைக் கலந்து திரும்பவும் பிரிக்கணும். அரைக்காம முழு மணியாவே குறைச்சா, அந்தக் கெட்ட மணி ஒதுக்குன பங்கோட போயிடும்.

எலைசா (கிட் வெச்சு, கலரைப் பார்த்து நஞ்சை அளக்கற டெஸ்ட்) பண்றவங்களுக்கு: 20 கிராம் மாவு, 70 சதவீத மெத்தனால் 100 மில்லி, மூணு நிமிஷம் நல்லா குலுக்கி வடிகட்டுங்க. கிட்டை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே போடாதீங்க, ரூம் சூட்டுக்கு வரட்டும். இந்த டெஸ்ட்ல கலர் தலைகீழ். அடர் கலர்னா நஞ்சு கம்மி, வெளிறிப்போனா அதிகம். அதனாலதான் வாஷ் பண்றதுல அவசரமே கூடாது. சரியாக் கழுவலைன்னா என்சைம் தங்கிக் கலர் ஏறும், கெட்ட தீவனம் நல்லதுன்னு வந்துடும். மாடு வெச்சிருக்கவர் அதை நம்பிப் போடுவார், அந்தப் பாலைக் குழந்தைங்க குடிக்கும்.

ரீடிங் கடைசி ஸ்டாண்டர்டை (கிட்ல வர்ற, அளவு தெரிஞ்ச கரைசல்கள்ல நஞ்சு அதிகமா உள்ளதை) தாண்டிப் போனா அந்த எண்ணை எழுதாதீங்க. வடிகட்டின சாறை நீர்க்க வெச்சு, திரும்ப ஓட்டி, அத்தனை மடங்கால பெருக்குங்க.

எர்கோஸ்டெரால் (பூஞ்சையோட செல்லுல இருக்கற ஒரு பொருள்) டெஸ்டும் சில பேர் கேக்கறாங்க. அது பூஞ்சை எவ்வளவு வளர்ந்திருக்குன்னு காட்டும், நஞ்சு எவ்வளவுன்னு சொல்லாது. 365 நானோமீட்டர் புறஊதா விளக்குல உடைச்ச சோளம் பச்சை மஞ்சளா மின்னறதும் சந்தேகப்பட ஒரு காரணம், அவ்வளவுதான். எலைசா ரிசல்ட் 20-ஐ ஒட்டி வந்தா எச்பிஎல்சி-ல (நஞ்சைத் தனியாப் பிரிச்சு அளக்கற லேப் மெஷின்) உறுதி பண்ணுங்க. அது வர்ற வரைக்கும் அந்த மூட்டையைக் கறவை மாட்டுக்குப் போடாதீங்க.