எலி வளையானாலும் தனி வளை

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் ஐயா அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்திருக்கும் தொழிற்சங்க அண்ணன்மாரே, பின்வரிசையில் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். நம் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. கடைசிவரை உட்கார்ந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குத் தனி நன்றி.

சம்பளம், வீடு, உதவித்தொகை என்று மூன்று விஷயம் பேச வந்தேன். சம்பளத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். 2013-இல் மலேசியத் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக, அதாவது 900 ரிங்கிட்டாக, தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ஆனது. அரசாங்கம் சட்டம் போட்டதால்தான் அது நம் கைக்கு வந்தது.

அப்புறம் வீடு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று எங்கள் அம்மா அடிக்கடி சொல்வார். முப்பத்தோரு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனவர். வேலை முடிந்த மாதமே தோட்டக் கம்பெனி கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி மலாயில் கடிதம் வந்தது, நான்தான் வாசித்துக் காட்டினேன். "இந்தச் சுவத்துல எத்தனை ஆணி நான் அடிச்சது தெரியுமா?" என்றார், வேறெதுவும் பேசவில்லை. லாரி வந்த அன்று கட்டில், பீரோ, சாமிப் படம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, அம்மாவைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் மண்வெட்டியோடு கறிவேப்பிலைச் செடியடியில் நிற்கிறார். லாரிக்காரச் சீனர் ஒன்றும் கேட்காமல் மண்வெட்டியை வாங்கி, வேர் அறுபடாமல் சுற்றி வெட்டி எடுத்துக்கொடுத்தார். அதைப் பழைய பால்வாளியில் மண்ணோடு வைத்து, வழி நெடுக மடியில் பிடித்துக்கொண்டு வந்தார் அம்மா. வந்து சேர்ந்தது மூன்றாவது மாடி வாடகை வீடு. நட மண் ஏது? தாழ்வாரத்தில் இலை கொட்டிக் குச்சியாக நின்றது, அம்மா தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1990-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. 60 வயதில் வேலையும் போய் வீடும் போனால், அந்தக் குடும்பம் எங்கே போகும்?

நம் சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி போடுங்கள் என்று தொழிலாளர்களிடம் லயம் லயமாகப் போய்க் கேட்டார். வயிற்றைக் கட்டி நம் பெரியவர்கள் போட்ட காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். தனி வளையின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒய்.பி. அவர்களே, நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு மாற்ற எந்தக் கம்பெனி வந்தாலும் மாநிலம்தான் அனுமதி கொடுக்க வேண்டும், நிபந்தனை போடும் அதிகாரமும் அதற்கு உண்டு. அங்கே உழைத்த குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தரைவீடு கட்டிக்கொடுத்தால்தான் அனுமதி என்று எழுதுங்கள். ஓய்வு பெறுபவருக்குச் சொந்த வீடு கிடைக்கும்வரை லயத்து வீட்டைப் பூட்டக்கூடாது என்று மத்தியச் சட்டத்திலும் ஒரு வரி சேர்க்க நீங்கள் குரல் கொடுக்க வேண்டும்.

உதவித்தொகைக்கு நேரமில்லை. இல்லத்தரசிகளுக்கு ஆண்டுக்கு 120 வெள்ளியில் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பு 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது, தாய்மார்கள் வீட்டில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டு மனு வாசல் மேசையில் இருக்கிறது. எழுத வராதவர்கள் அடையாள அட்டையை, ஐ.சி.யைக் கொடுங்கள், பிள்ளைகள் நிரப்பித் தருவார்கள், கைநாட்டு வைத்தால் போதும்.